எங்கட ஊர் மாதிரித்தான்

பேரை எழுத வேண்டாம் என்று அவனுடைய உம்மா சொல்லியிருக்கிறார். "எழுதுறதெண்டா எழுதுங்க காக்கா, பேரை மட்டும் போட்டுடாதீங்க. கண்ணூறு படும்." ஏறாவூரில் இதை வாசிக்கிறவர்களுக்குப் பேர் தேவையில்லை. இரண்டாவது பந்தியிலேயே ஆளைப் பிடித்துவிடுவார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்குப் பேர் தெரிந்தும் பயனில்லை. ஆகவே, அவன்.

அவனுடைய உம்மா எனக்குக் கூடப்பிறந்தவர் அல்ல. நாங்கள் ஒரே குடி. எங்கள் பக்கத்தில் குடி, அதாவது குலம், தாய்வழியாக வரும். தாயின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே குடிக்காரர் சகோதரங்கள், அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பது வழக்கமில்லை. அந்த முறையில் நான் அவனுடைய உம்மாவுக்குக் காக்கா, அதாவது அண்ணன்; அவனுக்குத் தாய்மாமன். கலியாணப் பேச்சு என்று வந்தால் முன்னுக்குப் போய் உட்கார வேண்டியவன். நான் எழுதப்போகிற காரியத்தில் எனக்கு ஓர் ஆசனம் கிடைத்தது அதனால்தான்.

வெளியூர்க்காரருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களில் கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். மகள் பிறந்த அன்றே தகப்பனுக்கு வீட்டுக் கவலையும் பிறந்துவிடும். காத்தான்குடியில் அப்படி ஒரு மகளுக்காக எழும்பிக்கொண்டிருந்த வீடு, லின்டல் மட்டத்துக்கு வந்த பிறகு நின்றது. மேசன்மார் சாந்துச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். மாரி மழைக்கு முந்திய மாதம், கூரை போட வேண்டிய நேரம். நிறுத்தச் சொன்னவர் பெண்ணின் தாய். காரணம் என் மருமகன்.

அவனுக்கு அந்த வீட்டுப் பிள்ளைதான் வேண்டும். கெம்பஸில் அவனுக்கு இரண்டு வருடம் கீழே படித்தவள். "எனக்கு இந்தப் பிள்ளைதான் மாமா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னான். அதற்குப் பிறகு அதைச் சொல்லவில்லை. எந்த விடயத்தையும் அவன் ஒருமுறைதான் சொல்லுவான், ஒரேயொரு வசனத்தைத் தவிர.

அந்த வசனத்தை நான் முதலில் கேட்டது அவன் கிர்கிஸ்தானிலிருந்து வந்தபோது. பெற்றோல் வரிசைகள் முடிந்து அடுத்த வருடம், நோன்புப் பெருநாளுக்கு அடுத்த கிழமை. அவனுடைய உம்மா இல்லை, "ஆடு குட்டி போட்ட கிழமை" என்பார். எங்கள் இருவருக்கும் இதில் இன்னும் வழக்கு உண்டு. எங்கள் ஊரிலிருந்து வெளிநாடு போவதென்றால் கட்டார், சவூதி, குவைத். படிக்கப் போனால் மலேசியா. புண்ணியத்துக்குப் போனால் மக்கா. இவன் மாணவன். டியூஷன் கொடுத்தும், கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுத்தும் வழிச்செலவு சேர்த்துக்கொண்டு, ஊரில் யாரும் உச்சரித்துப் பார்க்காத ஓர் இடத்துக்குப் போய் வந்திருந்தான்.

மீன் சந்தைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு கூட்டமே காத்திருந்தது.

"பனி பார்த்தியாடா?"

"பார்த்தன். வெள்ளையாக் கிடந்தது."

"மறுகா?"

"மறுகா ஒரு ஆட்டுக்கார வீட்டில தங்கினன். கூடார வீடு. வாசலால அப்பிடியே திரும்பிப் போக விடமாட்டாங்க. வயிறு முட்ட இருந்தாலும் ஒரு துண்டு ரொட்டியாவது பிச்சு வாயில வைக்கணும். வைக்காட்டி மனத்தாங்கல். எங்கட ஊர் மாதிரித்தான்."

கூட்டத்துக்குச் சப்பென்று போய்விட்டது. கடைக்காரர் மட்டும் விடவில்லை. "குதிரைப் பால் குடிக்கிறாங்களாமே, நீ குடிச்சியா?"

"குடிக்கல்ல. மணந்து பார்த்தன். கள்ளு மாதிரிப் புளிச்ச மணம்."

"கள்ளு மணம் உனக்கெப்பிடித் தெரியும்?"

"மட்டக்களப்பு பஸ்ஸில பின் சீட்டில இருந்து பாருங்க காக்கா. தெரியும்."

அவனுடைய பயணங்கள் எல்லாம் இப்படித்தான் முடியும். உலகத்தின் ஏதோ ஒரு மூலைக்குப் போவான். திரும்பி வந்து, அங்கேயும் நம்மைப் போலத்தான் என்பான். நான் பழைய பயணக் குறிப்புகளை விரும்பி வாசிக்கிறவன். கடல் கடந்து போனவர்கள் இரண்டு தலை மனிதனையும், நாய்முக மனிதனையும் கண்டு வந்து எழுதியிருக்கிறார்கள். இவனிடம் ஒரு நாய்முகம்கூடக் கிடைக்கவில்லை.

அவனுக்குச் சில பழக்கங்கள் இருந்தன. போன ஊரில் முதலில் மீன் சந்தையைத் தேடுவான். மீன் இல்லாத ஊரென்றால் ஆட்டுச் சந்தை. பையில் எப்போதும் ஒரு சாரனும் ஒரு போத்தல் சீனிச் சம்பலும் இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டின் மூத்த பெண் யாரென்று பார்த்து, அவர் இருக்கிற பக்கமாகப் போய் உட்காருவான். படம் எடுப்பது குறைவு. எடுத்தாலும் அடுப்பு, கிணற்றுவாளி, கதவுத் தாழ்ப்பாள் என்றுதான் இருக்கும். கோபுரமோ மாளிகையோ ஒன்றும் இராது.

இரண்டாவது பயணம் செனகல். உப்புநீரில் வளரும் கண்டல் காடுகளைப் பற்றிய மாணவர் சந்திப்பு ஒன்று அங்கே நடந்தது. அவன் படித்தது புவியியல். எங்கள் வாவிக் கரைக் கண்டல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்ததால் கூப்பிட்டார்கள். கட்டுநாயக்காவில் அதிகாரி கேட்டாராம், "செனகலுக்கு என்னத்துக்குப் போறீங்க?"

"கண்டல் பார்க்க."

"மட்டக்களப்பில கண்டல் இல்லையா?"

"இருக்கு சேர். அதனாலதான்."

அந்த அதிகாரி இவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினாராம். மடையன் என்று நினைத்தாரோ மகான் என்று நினைத்தாரோ தெரியாது.

செனகலில் ஒரு மீனவ வீட்டில் பகல் சாப்பாடு. தரையில் விரித்து நடுவில் ஒரே பெரிய தட்டு, சுற்றி ஆறு பேர். கூடப் போன வெளிநாட்டு மாணவர்கள் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் தடுமாற, இவன் தனக்கு முன்னால் இருக்கிற பங்கில் மட்டும் கை வைத்துச் சாப்பிட்டான். வீட்டுக்காரப் பெண் மீனைப் பிய்த்து விருந்தாளி பக்கம் தள்ளத் தள்ள, இவன் அதில் பாதியைப் பக்கத்துப் பிள்ளையின் பக்கம் தள்ளினான். எங்கள் கலியாண வீடுகளில் சஹனில், இப்படிப் பலர் ஒரே தட்டில், சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டுக்காரப் பெண் அவனைப் பார்த்து, நீ எந்த ஊர்க்காரனின் மகன் என்று தன்னுடைய மொழியிலேயே கேட்டாராம்.

அங்கிருந்து உம்மாவுக்கு அவன் கொண்டு வந்தது ஒரு பொதி கருவாடு. மற்ற வீடுகளுக்குச் சொக்லட்டும் போர்வையும் வருகிற காலம். உம்மா பொதியைப் பிரித்து மணந்து பார்த்தார்.

"ஏன் மகன், கருவாடு வாங்கவா ஆபிரிக்காவுக்குப் போனீங்க?"

"எங்கட கருவாடு மாதிரித்தான் உம்மா. கறி வைச்சுப் பாருங்களன்."

"எங்கட மாதிரியெண்டா எங்கடயையே வாங்கலாமே, பஸ் காசோட முடிஞ்சிருக்கும்."

ஆனாலும் வைத்தார். தெருவே வந்து ருசி பார்த்தது. உப்புக் கூட என்று எல்லாரும் சொன்னார்கள். சட்டி காலியானது.

ஒருமுறை நானும் கேட்டேன். இங்கே இருப்பதையே பார்க்க ஏன் இவ்வளவு தூரம் போகிறாய்? அவன் கொஞ்சம் யோசித்தான். "வித்தியாசம் பார்க்கிறதெண்டா போகத் தேவல்ல மாமா. அத நியூஸிலயே காட்டுவான்." இதையும் ஒருமுறைதான் சொன்னான்.

மூன்றாவது பயணம்தான் காத்தான்குடி வீட்டு வேலையை நிறுத்தியது. மேற்குச் சுமாத்திரா. மலைப்பக்கத்து ஊர் ஒன்று. வீட்டுக் கூரைகள் மாட்டுக்கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து நிற்கும். அங்குள்ள முஸ்லிம்களும் தாய்வழிக் குடிக்காரர்கள். வீடும் வயலும் மகளுக்கு, மாப்பிள்ளை மனைவி வீட்டுக்கு. புத்தகங்களில் வாசித்து இதை அவனுக்குச் சொன்னதும் நான்தான். அவன் பையைக் கட்டிவிட்டான்.

தங்கிய வீட்டில் மூத்த பெண் ஒருவர், கணவனை இழந்தவர், இரண்டு மகள்மார். முதல் நாளே இவன் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசி மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு, "உங்கட குடி என்ன?" என்று கேட்டிருக்கிறான். நம் ஊரில் வயதானவர்கள் புது ஆளைக் கண்டால் கேட்கிற முதல் கேள்வி. மரியாதைக்குக் கேட்டான். தன் குடியையும் சொன்னான். அந்தப் பெண் அவனை உற்றுப் பார்த்தார். அடுத்த நாள் சாப்பாட்டில் இறைச்சி வந்தது. அதற்கடுத்த நாள் மூத்த மகள் புது உடுப்பில் தேத்தண்ணி கொண்டு வந்தாள். அதற்கும் அடுத்த நாள் கறுப்புத் தொப்பி போட்ட ஒருவர், அவளுடைய தாய்மாமன், வந்து எதிரே உட்கார்ந்து, "உன் மாமன் யார்? எப்போது வருவார்?" என்று கேட்டார். அங்கேயும் தாய்மாமனை மாமாக் என்றுதான் சொல்வார்களாம்.

வேறு ஊர்ப் பையனுக்கு இன்னும் விளங்கியிருக்காது. இவனுக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. மாமன் வந்து உட்கார்ந்தால் அது கலியாணப் பேச்சு. வாலிபன் ஒருவன் குடியைக் கேட்பது, கட்டலாமா என்று கேட்பது.

மறுத்தால் அந்த வீட்டுக்கு அவமானம். ஒத்துக்கொண்டால் காத்தான்குடிப் பிள்ளை இல்லை. அவன் எழுந்து போய் அந்த மூத்த பெண்ணின் காலடியில் உட்கார்ந்து சொன்னானாம்: "நான் இந்த ஊருக்கு அன்னியன். என்னை உங்கட குடியிலேயே மகனாச் சேர்த்துக்கொள்ளுங்க."

ஒரே குடி என்றால் அந்தப் பிள்ளைக்கு இவன் அண்ணன். கலியாணத்துக்குக் கதவு சாத்தியாயிற்று. யாருக்கும் அவமானமில்லை. கறுப்புத் தொப்பிக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தாராம். அந்தப் பெண் அவன் தலையில் கை வைத்து, சரி மகனே என்றாராம்.

இதையெல்லாம் அவன் தேத்தண்ணிக் கடையில் ஒளிக்காமல் சொன்னான். "எங்கட ஊர் மாதிரியே மாமா வந்து இருந்திட்டார்" என்று தொடங்கியிருக்கிறான். கதை கடையிலிருந்து கல்லடிப் பாலத்தைத் தாண்டிக் காத்தான்குடிக்குப் போனபோது, மகன் என்பது வழியில் மருமகனாகிவிட்டது. அங்கே அவனுக்கு ஒரு வீடும் பெண்சாதியும் இருப்பதாக முடிந்தது. மேசன்மார் சட்டியைக் கவிழ்த்தது அதற்கு அடுத்த நாள்.

ஒரு சனிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு நானும் அவனும் அவனுடைய உம்மாவும் காத்தான்குடிக்குப் போனோம். பெண்ணின் தகப்பன் கட்டாரில். தாய் வீட்டிலேயே துணிக்கடை நடத்துகிறவர். ஒரு சாண் துணியைக் கண்ணால் அளந்து வெட்டுகிற ஆள். எங்களுக்கு இனிப்புக்கு வட்டலாப்பம் வந்தது. ஆனால் கரண்டி வர நேரமெடுத்தது. அதிலிருந்தே நிலைமை விளங்கியது.

"சுத்தி வளைக்காமக் கேக்கிறன் காக்கா" என்றார் என்னைப் பார்த்து. "நான் வீடு கட்டுறது ஆள் இருக்கிறதுக்கு. பூட்டி வைக்கிறதுக்கில்ல. இவர் வருசத்துக்கொரு நாட்டில நிண்டா, என்ட மகள் ஆரப் பார்த்துக்கொண்டிருக்கிற?"

நான் தொண்டையைச் செருமினேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"அதோட, அங்க ஒரு வீட்டில மாப்பிள்ளையாமே?"

"மாப்பிள்ளையில்ல மாமி, மகன்" என்றான் அவன்.

"மாமியெண்டு இப்பவே சொல்லத் தேவல்ல. அது பொறகு பார்ப்பம்."

அவனுடைய உம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அவன் கைபேசியை எடுத்தான். "நீங்களே கேளுங்க. கூப்பிடுறன்."

அந்தப் பெண் திரையில் வந்தார். தலையில் முக்காடு, பின்னால் அடுப்பு. பெரிய தாச்சியில் என்னவோ கிளறிக்கொண்டிருந்தார். காத்தான்குடித் தாய் ஸலாம் சொன்னார். அந்தப் பக்கமும் ஸலாம் வந்தது. அதற்குப் பிறகு இவர் எடுத்த எடுப்பில் கேட்டது என்ன தெரியுமா?

"அடுப்பில என்ன?"

மாட்டிறைச்சியும் தேங்காய்ப்பாலும், எண்ணெய் பிரியும்வரை கிளற வேண்டும் என்று, அங்கே தங்கிப் பொறுக்கிய மொழியை வைத்து, அவன் மொழிபெயர்த்தான். எவ்வளவு தேங்காய், கொத்தமல்லி போடுவதா, தீ எப்படி என்று சமையல் கொஞ்சத் தூரம் போனது. எங்கள் மூவரையும் இருவரும் மறந்துவிட்டார்கள். பிறகு காத்தான்குடித் தாய் நிமிர்ந்தார்.

"உங்கட ஊரில வீடு ஆருக்கு?"

"மகளுக்கு."

"அப்ப மாப்பிள்ளை?"

அந்தப் பெண் என்னவோ சொல்லிச் சிரித்தார். அவன் மொழிபெயர்க்கவில்லை. நாங்கள் அவன் முகத்தைப் பார்த்தோம். நான் மெல்ல அவன் காலை மிதித்தேன், நல்லதாக எதையாவது சொல்லட்டும் என்று. அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"மாப்பிள்ளையெண்டா மரக்குற்றியில கிடக்கிற சாம்பல் மாதிரியாம். காத்தடிச்சாப் போயிடுமாம். அவங்கட பழமொழி."

கலியாணம் அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். காத்தான்குடித் தாய் வட்டலாப்பத் தட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"சாம்பலெண்டாலும் பாத்திரம் துலக்க உதவுமே. அதைச் சொல்லுங்க அவவுக்கு."

அவன் சொன்னான். திரையில் அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் கரண்டி தாச்சியில் விழுந்தது. இங்கே இவர் சிரிக்க ஆரம்பித்தார். அவனுடைய உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"இவர் உங்கட வீட்டில எப்பிடி? உள்ளதைச் சொல்லச் சொல்லுங்க."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசினார். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அவனுடைய காது மடல் சிவந்தது.

"என்னவாம்?"

"அது... சும்மா கதை."

"சும்மாவெண்டா இவ்வளவு நேரமா?"

"ஒண்டுமில்ல மாமி."

தனக்கு எதிரானதை ஒளிக்காமல் சொன்னவன், இதைச் சொல்லமாட்டேன் என்று நின்றான். காத்தான்குடித் தாயின் புருவம் சுருங்கியது. அப்போதுதான் உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"உம்மா, நான் சொல்லட்டா? என்ட போனும் மொழிபெயர்க்கும்."

"சொல்லு மகள்."

"பிள்ளை தேங்காய் துருவுமாம், சோறு வடிக்குமாம், அவவுக்குக் காய்ச்சல் வந்த நேரம் கஞ்சி காய்ச்சிக் குடுத்ததாம். வேணாமெண்டா திருப்பி அனுப்பட்டாம். தனக்கு ரெண்டு மகள்மார் இருக்காம். குடியை மாத்திக்கொள்ளலாமாம்."

நான் இதுவரை எத்தனையோ கலியாணப் பேச்சுகளில் உட்கார்ந்திருக்கிறேன். பெண்வீடு ஒரு கணத்தில் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டதில்லை.

"திருப்பி அனுப்பவா? நல்ல கதை! நாங்க இன்னும் முடிவு சொல்லவேயில்ல, அதுக்கிடையில அவ ஆர் கேக்கிறதுக்கு?" திரையைப் பார்த்து விரலை ஆட்டினார். "மகன், சொல்லுங்க அவவுக்கு. ஆள் பேசி முடிஞ்சுதெண்டு சொல்லுங்க."

அவன் மொழிபெயர்க்க வாய் திறந்தான். அதற்குள் உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்தவள் தன் கைபேசியைப் பேச வைத்தாள். பிறகு, எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, தமிழிலேயே சொன்னாள்:

"எனக்கும் ஒண்டு இருக்கு. இனி இவர் தனியப் போக ஏலா. போறதெண்டா ரெண்டு பேரும். அதுக்கு ஓமெண்டா எனக்கும் ஓம்."

"ஓம்" என்றான் அவன்.

"அப்ப வீடு?" என்றார் தாய்.

திரையில் அந்தப் பெண் கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மேசன்மார் வந்துவிட்டார்கள். மாரி தொடங்குமுன் கூரை போட்டாயிற்று. கலியாணம் அடுத்த வருடம் ஹஜ் பெருநாள் கழிந்து நடந்தது. இதில் உம்மாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவன் ஒரு பெட்டியோடு ஏறாவூரிலிருந்து காத்தான்குடிக்குப் போனான். இப்போது இருவரும் மொங்கோலியாவில். அவள் அங்கே ஏதோ கற்கைக்கு இடம் எடுத்திருக்கிறாள். இம்முறை அவன்தான் கூடப் போனவன்.

போன மாதம் காத்தான்குடிக்குப் போன இடத்தில் அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. உள்ளே அவனுடைய மாமியார் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு போத்தலில் சாய்த்து வைத்த கைபேசி. திரையில் சுமாத்திராப் பெண், அவரும் எதையோ நறுக்கிக்கொண்டிருந்தார். கைபேசி இரண்டு பேருக்கும் மாறி மாறி மொழிபெயர்த்தது. இவர் கேட்ட கேள்வி ஒன்று அங்கே போய், சிரிப்பாகத் திரும்பி வந்தது.

"வெள்ளிக்கிழமைகளில கதைப்பம் காக்கா" என்றார். "தீ கூடவெண்டு எனக்கே சொல்றா. மாட்டிறைச்சிக்கு என்ட தீயைப் பத்திச் சொல்றா!"

நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பால் போடாத பிளேன்டி வந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, திரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"காக்கா, பாஸ்போட் எடுக்க இப்ப என்னென்ன கேக்கிறாங்க?"

"ஆருக்கு, தங்கச்சி?"

"எனக்குத்தான். அவ வரச்சொல்லிக் கரைச்சல் தாறா. அந்தத் தீயை நேரில போய்ப் பார்த்தாத்தான் எனக்கு அடங்கும்."

"அப்ப வீடு?"

துருவிய தேங்காயை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். இதென்ன கேள்வி என்பது போல.

"வீட்டப் பூட்டிப்போட்டுப் போறதுதானே."